‘கடைக்கு ஓடிப்போய் ஒரு சிகரெட் வாங்கிட்டு வா’ - வாசகர் கேள்வி பதில்

போன இதழில் பாடசாலைப் பிள்ளைகளும் போதைப் பழக்கமும் பற்றி எழுதிய பிறகு திருகோணமலைப் பக்கமிருந்து நிறையக் கடிதங்கள் வந்தன. மேல் வகுப்புப் பெடியன்களைப் பற்றித்தான் கேட்பார்கள் என்று எதிர்பார்த்தேன், ஆனால் பெரும்பாலானவை தரம் 3, 4, 5 படிக்கிற சின்னப் பிள்ளைகளைப் பற்றியவை. அதனால் இந்த முறை பக்கம் முழுவதையும் அவற்றுக்கே ஒதுக்கிவிட்டேன். பெயர்களை எடுத்துவிட்டு ஊரை மட்டும் போட்டிருக்கிறேன்.

கேள்வி: மகனுக்கு ஒன்பது வயது. அவனுடைய கொம்பாஸ் பெட்டிக்குள் பாதி எரிந்த சிகரெட் ஒன்று கிடந்தது. கேட்டதும் அழுதான். கடற்கரையில் யாரோ போட்டுவிட்டுப் போனதைக் கூட்டாளிகளோடு பொறுக்கி, மீன்வாடிக்குப் பின்னால் வைத்துப் பற்றவைத்துப் பார்த்தார்களாம். கணவருக்குத் தெரிந்தால் தோலை உரித்துவிடுவார், இன்னும் சொல்லவில்லை. என்ன செய்வது?
- ஒரு தாய், உப்புவெளி

பதில்: கணவரிடம் சொல்லுங்கள் அம்மா, மறைக்க வேண்டாம். ஆனால் மகன் தூங்கிய பிறகு, இருவரும் ஆறுதலாக இருக்கும் நேரத்தில் சொல்லுங்கள், அடிப்பதில்லை என்று அவரிடம் வாக்கு வாங்கிக்கொண்டு சொல்லுங்கள். அடி விழுந்தால் அவன் இனி உங்களிடம் எதையும் சொல்ல மாட்டான். கேட்டவுடன் அழுதுகொண்டே உண்மையைச் சொல்லியிருக்கிறானே, அதுதான் இப்போது உங்களிடம் இருக்கிற பெரிய பலம், அதை இழந்துவிடாதீர்கள்.

அடுத்து, அவனோடு கதையுங்கள். பொலிஸ் விசாரணை மாதிரி எதிரே நிறுத்தி வைத்து வேண்டாம், தலைக்கு எண்ணெய் வைக்கிற நேரம் போதும். யார் முதலில் எடுத்தது, நெருப்பு எங்கிருந்து வந்தது, வாயில் வைத்தபோது எப்படி இருந்தது என்று கேளுங்கள். கடைசிக் கேள்விதான் முக்கியம். முதல் இழுப்பு அநேகமாக எந்தப் பிள்ளைக்கும் பிடிப்பதில்லை, இருமல் வரும், கண் எரியும், தலை சுற்றும், சிலருக்கு வாந்தியும் வரும். ‘கைச்சுது அம்மா, நல்லாவே இல்லை’ என்று அவன் வாயாலேயே வரட்டும். வந்தால், ‘ஓமடா, அப்படித்தான் இருக்கும், உன்ரை உடம்பு சரியாத்தான் சொல்லியிருக்கு’ என்று சொல்லி அதை உறுதிப்படுத்துங்கள்.

நாம் வழக்கமாகச் செய்வது இதற்கு நேர் எதிர். ‘இது பெரிய ஆக்கள் பத்துற சாமான், உனக்கு இப்ப எதுக்கு?’ என்று அதட்டுகிறோம். ஒன்பது வயதுப் பெடியனுக்கு இருக்கிற ஆசையே எப்போது பெரிய ஆளாவோம் என்பதுதான், அதற்கு வழி இது என்று நாமே காட்டிக்கொடுத்து விடுகிறோம். உலகத்தின் பல நாடுகளில் சிகரெட் கம்பனிகள் தாங்களே பணம் போட்டு ‘சிறுவர் புகைத்தல் தடுப்பு’ என்று நடத்திய பிரசாரங்களிலும் இதே கருத்துத்தான் திரும்பத் திரும்ப வந்தது: புகைப்பது வளர்ந்தவர்களின் தெரிவு, நீ கொஞ்சம் பொறு. சுகாதாரத் துறையினர் அந்தப் பிரசாரங்களை எதிர்த்ததற்குக் காரணமும் அதுதான். தயவுசெய்து வீட்டில் அந்த வசனத்தைப் பாவிக்காதீர்கள். இது யாருக்கும் நல்லதில்லாத சாமான், பெரியவர்களில் சிலர் அதில் மாட்டிக்கொண்டு விட முடியாமல் இருக்கிறார்கள் என்று சொல்லுங்கள், உண்மையும் அதுதான்.

‘சின்னப் பிள்ளை விளையாட்டு, விடுங்கோ’ என்று சொந்தக்காரர் யாராவது சொன்னால் அதையும் கேட்காதீர்கள். நிக்கொட்டின் சில நொடிகளில் மூளைக்குப் போய்விடும், வளர்கிற மூளை அதற்குப் பெரியவர்களின் மூளையை விடச் சீக்கிரம் பழகும். தினமும் புகைக்காத, எப்போதாவது புகைக்கிற சிறுவர்களிடம்கூட, தொடங்கிச் சில வாரங்களிலேயே அடிமையாவதன் முதல் அறிகுறிகள் தெரிந்ததாக ஆய்வுகளில் பதிவாகியிருக்கிறது. ஒருமுறை இழுத்ததோடு எல்லாம் முடிந்துவிட்டது என்று பயப்படத் தேவையில்லை, ஆனால் அடுத்த சில மாதங்கள் பின்னேரத்தில் அவன் யாரோடு எங்கே நிற்கிறான் என்று உங்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். கூட்டாளிகளின் தாய்மாரோடும் ஒருமுறை கதையுங்கள். ‘உங்கட பெடியன்தான் என்ரை பிள்ளையைக் கெடுத்தவன்’ என்று தொடங்கினால் கதவு அப்போதே சாத்திவிடும். ‘எங்கட பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து இப்படி ஒண்டு செய்திருக்கினம், என்ன செய்வம்?’ என்று தொடங்குங்கள்.

இன்னொன்று, வீட்டில் தவழ்கிற குழந்தை இருந்தால் சிகரெட் அடிக்கட்டைகளில் கூடுதல் கவனம் வேண்டும். அதில் தங்கியிருக்கிற நிக்கொட்டின் குழந்தைக்கு நஞ்சு. வாயில் போட்டு வாந்தி எடுத்தாலோ, சோர்ந்து போனாலோ கைவைத்தியம் பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள்.

கேள்வி: பாலையூற்றில் சின்னக் கடை வைத்திருக்கிறேன். ஏழெட்டு வயதுப் பிள்ளைகள் வந்து ‘அப்பாவுக்கு ஒரு சிகரெட்டாம்’ என்று காசை நீட்டுகிறார்கள். கொடுக்காவிட்டால் தகப்பன் வந்து சத்தம் போடுகிறார், பிறகு அரிசி பருப்புக்கும் வேறு கடைக்குப் போய்விடுகிறார். இதில் சட்டம் என்ன?
- ஒரு கடைக்காரர்

பதில்: 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டம், அதாவது புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையை உருவாக்கிய சட்டம், 21 வயதுக்குக் குறைந்த எவருக்கும் புகையிலைப் பொருள் விற்கக் கூடாது என்கிறது. அப்பாவுக்கு, மாமாவுக்கு, பாடசாலை சேருக்கு என்று எந்த விதிவிலக்கும் அதில் இல்லை. பிள்ளையின் கையில் காசை வாங்கிப் பிள்ளையின் கையில் சிகரெட்டைக் கொடுத்தால் அது பிள்ளைக்கு விற்றதுதான். குற்றம் நிரூபணமானால் 50,000 ரூபா வரை தண்டம், அல்லது ஒரு வருடம் வரை சிறை, சில வேளை இரண்டும். பொதுச் சுகாதாரப் பரிசோதகரும் பொலிசும் கலால் அதிகாரிகளும் வந்து பரிசோதிக்கலாம்.

தகப்பன் சத்தம் போட்டால், ‘அண்ணை, உங்களுக்கு இல்லையெண்டு சொல்லேல்லை, நீங்களே வாங்கோ. பிள்ளையிட்டைக் குடுத்தா தண்டம் கட்டுறது நான்’ என்று சொல்லுங்கள். பக்கத்துக் கடைக்காரரையும் கூட்டி ஒரே முடிவாக எடுத்தால் இன்னும் நல்லது, அப்போது அவர் போவதற்கு வேறு கடை இருக்காது.

உங்கள் கேள்வியை வைத்து இதை வாசிக்கிற தகப்பன்மாரிடமும் கொஞ்சம் கதைக்க வேண்டும். பிள்ளையை ஒரு சிகரெட்டுக்குக் கடைக்கு அனுப்புகிறீர்கள், போய் வர ஐந்து நிமிடம். அதற்குள் பிள்ளை எவ்வளவு படித்துவிடுகிறது என்று யோசித்துப் பாருங்கள். பெயர் என்ன, விலை என்ன, எந்தத் தட்டில் இருக்கிறது, கேட்டால் கடைக்காரர் மறுக்கமாட்டார், வரும் வழியில் எப்படிப் பிடித்தால் முறியாது, எல்லாம் பாடமாகிவிடும். மூக்குக்குக் கிட்டப் பிடித்து மணந்து பார்க்காத பிள்ளை இருக்குமா? மிச்சக் காசுக்கு டொபி வேறு. இப்படி வருடக்கணக்காக அப்பாவுக்கு வாங்கிக் கொடுத்த பிள்ளை ஒருநாள் தனக்கும் ஒன்று கேட்டால், அதில் அவனுக்குப் புதிதாக எதுவும் இல்லை. சின்ன வயதில் புகைத்தலைத் தடுக்க எந்த வேலையை முதலில் செய்வது என்று என்னிடம் கேட்டால், சொற்பொழிவு, ஊர்வலம் எல்லாவற்றுக்கும் முன்னால் இதைத்தான் சொல்வேன், பிள்ளையை அதற்கு அனுப்பாதீர்கள். லைட்டரை எடுத்து வரச் சொல்லாதீர்கள், சாம்பல் கிண்ணத்தைக் கழுவச் சொல்லாதீர்கள், கையில் கொடுத்து ‘கொஞ்சம் பிடி மகன்’ என்று சொல்லவும் வேண்டாம். தேவையென்றால் நீங்களே நடந்து போய் வாங்குங்கள்.

ஒற்றைச் சிகரெட் விற்பதிலும் ஒரு பெரிய பிரச்சினை இருக்கிறது. 2015 முதல் நம் நாட்டில் சிகரெட் பெட்டியின் 80 சதவீதத்தில் புற்றுநோய்ப் படமும் எச்சரிக்கையும் இருக்க வேண்டும், எவ்வளவோ போராடி வந்த விதி அது. ஆனால் பெட்டி கடைக்காரரின் தட்டிலேயே இருந்துவிடுகிறது. பிள்ளையின் கைக்கு வருவது படமும் எழுத்தும் இல்லாத வெள்ளைக் குழாய். இலங்கை 2003இல் ஏற்றுக்கொண்ட உலக சுகாதார நிறுவனத்தின் புகையிலைக் கட்டுப்பாட்டு உடன்படிக்கை, ஒற்றையாக விற்பதைத் தடுக்க நாடுகள் முயல வேண்டும் என்கிறது, சிகரெட் உருவத்தில் இனிப்பும் விளையாட்டுப் பொருளும் செய்து விற்பதையும் அதே உறுப்புரையில்தான் தடுக்கச் சொல்கிறது. அப்படி இனிப்பு ஏதாவது உங்கள் கடைக்கு வந்தால் வாங்கிப் போடாதீர்கள். வாசலில் நூலில் தொங்குகிற லைட்டரையும் உள்ளே எடுத்து வையுங்கள், அது சரியாகப் பிள்ளைகளின் கை எட்டுகிற உயரத்தில் தொங்குகிறது.

கேள்வி: நானே இருபது வருடமாகப் பத்துகிறேன். கடலுக்குப் போகிற தொழில், இரவில் அது இல்லாமல் முடியாது. பிள்ளைக்கு எந்த முகத்தோடு புத்தி சொல்வது?
- ஒரு தகப்பன், திருக்கடலூர்

பதில்: இந்தக் கேள்வியை எழுதியதற்கே உங்களுக்கு நன்றி சொல்ல வேண்டும். பெற்றோர் புகைக்கிற வீட்டுப் பிள்ளைகள் தாங்களும் தொடங்குகிற வாய்ப்பு அதிகம் என்பது பல நாட்டு ஆய்வுகளில் தெளிவாகத் தெரிந்த விஷயம், ஆனால் அது தலைவிதி இல்லை, நீங்கள் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது.

பிள்ளையிடம் உள்ளதை உள்ளபடி சொல்லலாம். ‘நான் சின்ன வயசில தொடங்கிட்டன், இப்ப விட முடியாமக் கஷ்டப்படுறன், நீ இதுக்குள்ள வந்துடாத’ என்று தகப்பன் வாயால் கேட்பது பிள்ளையின் மனதில் நிற்கும். சொல்லக் கூடாதது ஒன்று இருக்கிறது: ‘ஒண்டு அடிச்சாத்தான் தலையிடி போகும்’, ‘ஒண்டு அடிச்சாத்தான் நித்திரை முறியும்’. பிள்ளை இதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில்தான் இருக்கிறது, சிகரெட் என்பது கவலைக்கு மருந்து என்று அதற்கு விளங்குகிறது. உண்மையில் நடப்பது வேறு. ஒரு சிகரெட் குடித்து இரண்டு மணித்தியாலமளவில் இரத்தத்தில் நிக்கொட்டின் பாதியாகக் குறையும், அப்போது எரிச்சலும் தலைப்பாரமும் வரும், அடுத்ததைப் பற்றவைத்தால் அடங்கும். முன்னைய சிகரெட் கொண்டுவந்த கஷ்டத்தைத்தான் அடுத்த சிகரெட் தீர்க்கிறது. இரவுக் கடலில் உங்களுக்கு வருகிற அந்தத் தவிப்பில் பெரும்பங்கு இதுதான்.

விடும்வரைக்கும் வீட்டுக்குள், ஓட்டோவுக்குள், பிள்ளை நிற்கும்போது வாடிக்குள் பற்றவைப்பதில்லை என்று வையுங்கள். புகையில் 7,000க்கும் மேற்பட்ட இரசாயனங்கள் இருக்கின்றன, அவற்றில் சுமார் 70 புற்றுநோயை உண்டாக்கக் கூடியவை. சின்னப் பிள்ளைகள் நம்மை விட வேகமாக மூச்செடுப்பவர்கள், பிறரின் புகையால் அவர்களுக்கு மூச்சிழுப்பும் சளியும் காதில் தொற்றும் வருகிறது. ஜன்னலைத் திறந்துவிட்டுப் புகைத்தால் போதும் என்பது சரியில்லை.

விட வேண்டும் என்று மனம் வந்தால் 1948 என்ற எண்ணுக்கு எடுங்கள், புகையிலை மற்றும் மதுசாரம் மீதான தேசிய அதிகார சபையின் இலக்கம் அது. புகைப்பதை நிறுத்தி ஒரு வருடமானால் மாரடைப்பு வருகிற ஆபத்து, தொடர்ந்து புகைக்கிறவரோடு ஒப்பிடும்போது ஏறக்குறைய பாதியாகிவிடும். பிள்ளைக்குத் தெரியும்படி விடுங்கள். ஒருமுறை முயன்று தோற்றாலும் பரவாயில்லை, அப்பா எவ்வளவு பாடுபடுகிறார் என்று பிள்ளை பார்க்கட்டும்.

கேள்வி: மூதூரில் இருக்கும் என் மாமியார் வெற்றிலை போடுகிறவர். பேத்திக்கு ஆறு வயது, கேட்டால் ஒரு சின்னத் துண்டு பாக்கு கொடுத்துவிடுகிறார். புகையிலை இல்லைத்தானே, பரவாயில்லையா?

பதில்: கொடுக்க வேண்டாம். புகையிலை சேராத பாக்கே புற்றுநோயை உண்டாக்குவது என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி முகவரகம் 2004இல் வகைப்படுத்தி வெளியிட்டது. பாக்குக்கும் பழகிப்போகும், பிறகு புகையிலைக்குப் போக ஒரு எட்டுத்தான். மாமிக்குக் கோபம் வராமல் சொல்லுங்கள், பேத்தியை மடியில் வைத்துக் கொஞ்சுகிற நேரத்தில் அன்பாகத்தான் கொடுக்கிறார், அந்த இடத்தில் ஒரு துண்டு பனங்கட்டியோ பழமோ இருந்தால் இருவருக்கும் சந்தோஷம். கடைகளில் ஒளித்து விற்கிற, புகையிலையோடு மணமும் இனிப்பும் போட்ட பாபுல், மாவா மாதிரியான பைக்கற்றுகளில் இன்னும் கவனம் வேண்டும். மெல்லுகிற புகையிலைப் பொருட்களைத் தயாரிப்பதும் இறக்குமதி செய்வதும் விற்பதும் 2016 முதல் இலங்கையில் தடை. பாடசாலைக்குக் கிட்ட விற்பதைக் கண்டால் பேசாமல் வராதீர்கள்.

கேள்வி: கிண்ணியாவில் தரம் 5க்குப் படிப்பிக்கிறேன். கறுத்த நுரையீரல் படத்தைக் காட்டினேன். முன்வரிசைப் பிள்ளைகள் பயந்தார்கள், பின்வரிசை சிரித்தது. அடுத்த வாரமே இரண்டு பேர் பேனையை வாயில் வைத்துப் புகை விடுவது மாதிரி விளையாடுகிறார்கள். வேறு எப்படிச் சொல்லிக்கொடுப்பது?
- ஓர் ஆசிரியை

பதில்: ரீச்சர், உங்கள் வகுப்பில் நடந்தது எல்லா இடத்திலும் நடப்பதுதான். பத்து வயதுப் பிள்ளைக்கு ஐம்பது வயதில் வரும் நோய் என்பது யாருக்கோ வரும் நோய். பல நாடுகளில் பாடசாலைகளில் செய்த ஆய்வுகளை ஒன்றாக வைத்துப் பார்த்தபோது, தீமைகளை மட்டும் பட்டியல் போட்டுச் சொன்ன பாடங்களால் சொல்லும்படி பயன் கிடைக்கவில்லை. மறுத்துப் பேசவும், நாலு பேர் நெருக்கும்போது தன் முடிவில் நிற்கவும் பழக்கிய பாடங்கள்தான் வேலை செய்தன.

ஆகவே நடிக்க வையுங்கள். ஒருவன் நீட்டட்டும், மற்றவன் வேண்டாம் என்று சொல்லட்டும், முதல்முறை வெட்கப்பட்டுச் சிரிப்பார்கள், பரவாயில்லை, திரும்பச் செய்ய வையுங்கள். வசனத்தை நீங்கள் எழுதிக் கொடுக்காதீர்கள், அவர்கள் ஊர்ப் பேச்சிலேயே வரட்டும். பிறகு நீட்டுகிற பாத்திரத்தைப் பயந்த பிள்ளைக்கும், மறுக்கிற பாத்திரத்தைப் பின்வரிசையில் சிரித்த பிள்ளைக்கும் கொடுங்கள்.

அதோடு ஒரு கணக்கு. ஒருவர் ஒரு நாளைக்கு ஒரு சிகரெட் வாங்கினால் மாதத்துக்கு எவ்வளவு, வருடத்துக்கு எவ்வளவு, அந்தக் காசுக்கு எத்தனை கொப்பி, எத்தனை பந்து, ஒரு சைக்கிள் வாங்க எவ்வளவு காலம் என்று அவர்களே கரும்பலகையில் போடட்டும். புலமைப்பரிசில் வகுப்புக்குப் பெருக்கல் பயிற்சியும் ஆகிவிடும். அந்தக் காசு யாருக்குப் போகிறது என்ற கேள்வியையும் போடுங்கள், இந்த வயதில் ‘என்னை ஏமாற்றிக் காசு எடுக்கிறார்கள்’ என்பது நோயை விட நன்றாக உறைக்கும்.

இன்னொன்று, ‘எத்தனை பெரியவர்கள் புகைக்கிறார்கள் என்று நினைக்கிறாய்?’ என்று கேட்டுப் பாருங்கள். பிள்ளைகள் எப்போதும் கூட்டித்தான் சொல்வார்கள், சந்தியில் நின்று புகைக்கிறவர் கண்ணில் படுவார், புகைக்காதவர் படமாட்டார். இந்த நாட்டில் வளர்ந்தவர்களில் பெரும்பாலானோர் புகைப்பதில்லை, பெண்களில் புகைப்பவர் மிக மிகக் குறைவு. இது பிள்ளைகளுக்கு உண்மையிலேயே புதிய செய்தி.

மே 31 புகையிலை எதிர்ப்பு தினத்துக்குப் பதாகை பிடித்து வீதியில் போவது நல்லதுதான், ஆனால் அன்றைக்கு மட்டும் போதாது. ஆசிரியர்களைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். இடைவேளையில் மதிலுக்கு வெளியே நின்று புகைத்துவிட்டு வகுப்புக்குள் வருகிறவரின் மணம் பிள்ளைகளுக்குத் தெரியும். அதிபரோடு இதை நேரே பேசுங்கள்.

கேள்வி: பேனை மாதிரி, பழ வாசனையோடு ஒன்று வருகிறதே. வெறும் நீராவி என்கிறார்கள், உண்மையா?
- நிலாவெளி

பதில்: உண்மை இல்லை. நீங்கள் சொல்வது இலத்திரனியல் சிகரெட். அதில் வருவது நீராவி அல்ல, சூடாக்கிய இரசாயனத் திரவத்தின் நுண்துளிகள், பெரும்பாலானவற்றில் நிக்கொட்டின் இருக்கிறது. பழ வாசனை பிள்ளைகளைப் பிடிக்கத்தான். புத்தகப் பையில் பென் டிரைவ் மாதிரியோ ஹைலைட்டர் மாதிரியோ, எழுதாத ‘பேனை’ ஒன்று இருந்தால் எடுத்துப் பாருங்கள். புகையிலை அடங்கிய இலத்திரனியல் சிகரெட்டும் மேலே சொன்ன 2016 தடையில் அடங்கும்.

கேள்வி: நான் தரம் 5 படிக்கிறேன். ரியூசன் முடிந்து வரும்போது என்னுடைய கூட்டாளிகள் ஒளித்து நின்று பீடி பத்துகிறார்கள். நான் மாட்டேன் என்றதால் பயந்தாங்கொள்ளி என்று கூப்பிடுகிறார்கள். வீட்டில் சொன்னால் கோள்மூட்டி என்பார்கள். நான் என்ன செய்ய?
- பெயர் போட வேண்டாம், திருகோணமலை

பதில்: தம்பி, பயந்தவனாக இருந்திருந்தால் நீயும் சேர்ந்து இழுத்திருப்பாய். எல்லாரும் ஒரு பக்கம் நிற்கும்போது தனியாக நின்று மாட்டேன் என்று சொன்னாயே, அது பெரிய ஆட்களுக்கே கஷ்டமான வேலை.

இனிமேல் அவர்களோடு வாதாடிக்கொண்டு நிற்காதே. ‘வேண்டாமடா, மணக்கும், நான் போறன்’ என்று சொல்லிவிட்டு நடக்கத் தொடங்கு. நின்றால்தான் திரும்பத் திரும்பக் கேட்பார்கள். ரியூசனில் பீடி பத்தாத வேறு பிள்ளைகள் இருப்பார்கள், அவர்களில் ஒருவனோடு சேர்ந்து வீட்டுக்குப் போ, இரண்டு பேராக இருந்தால் பட்டம் வைத்துக் கூப்பிடவும் யோசிப்பார்கள். கூட்டாளிகளை வெறுக்க வேண்டாம், விளையாட்டு நேரத்தில் பந்து அடிக்கும்போது வழமை போல அவர்களோடு விளையாடு.

அம்மாவிடம் இன்றைக்கே சொல். ஒருவனை மாட்டிவிடுவதற்காகச் சொன்னால்தான் கோள். கூட்டாளிக்கு ஆபத்து என்று சொல்வது அவனுக்கு உதவி. ‘அம்மா, யாரையும் ஏசாமக் கேளுங்கோ’ என்று முதலில் கேட்டுக்கொண்டு சொல். அம்மாவிடம் சொல்ல முடியாவிட்டால் உனக்குப் பிடித்த ரீச்சரிடம் சொல். அந்த பீடியை அவர்களுக்கு யாராவது பெரிய ஆள் கொடுக்கிறாரா, அதையும் மறைக்காமல் சொல்ல வேண்டும், அதுதான் மிக முக்கியம். யாரிடமும் சொல்ல முடியவில்லை என்றால் 1929க்கு எடு. பிள்ளைகளுக்காகவே இருக்கிற இலக்கம், இரவு பகல் எந்த நேரமும் எடுக்கலாம், காசு போகாது, தமிழிலேயே கதைக்கலாம்.